மூன்று கோடு, ஒரு புள்ளி

மார்ச் 4

அக்காவுக்கு,

போனை ஒதுக்கிவிட்டுக் கடிதம் எழுதுவது என்று பேசி முடித்தது நாம் இருவரும்தான், கை வலிப்பது என்னவோ எனக்கு மட்டும். என்ன செய்வது. உன் குரலைக் கேட்ட பிறகு மூன்று நாள் உன் மகள் மிளகு வாயைத் திறக்கவில்லை. பேசவும் திறக்கவில்லை, சாப்பிடவும் திறக்கவில்லை. இவர் பார்சல் ஆபீஸ் பையில் இதைப் போட்டுவிடுவார், இரண்டாம் நாள் உன் ஊர்க் கிளைக்கு வந்துவிடும். நீயும் அங்கேயே கொடுத்துவிடு.

மிளகு வந்து இருபது நாள் ஆகிறது. பெயருக்கு ஏற்ற மாதிரி உருவம் சிறிது, காரம் பெரிது. இரவில் எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்துக்கொண்டு இவரைக் கட்டிலின் ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறாள். பதினோரு வருடமாக மூன்று தலையணை வாங்கிப் போட்டும் இரண்டைத்தான் பயன்படுத்தினோம். இப்போது மூன்றும் போதவில்லை. உங்கள் மேற்பார்வையாளர், பிள்ளையைச் சலவைக்கூடத்துக்குக் கூட்டி வரக்கூடாது என்று சொன்னதற்கு அந்த ஆளைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். மிளகு தன் கவுன்களில் அழியாத மார்க்கரால் கிறுக்கிவிட்டாள். காலரின் உட்பக்கம், சின்னதாக. சோப்பு போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. மருத்துவமனைத் துணியையெல்லாம் வெளுக்கும் உனக்குத் தெரியாததா. எப்படிப் போக்குவது என்று எழுது.

உன் தங்கை


மார்ச் 9

வாயாடிக்கு,

பருத்தித் துணி என்றால் போகும். ஊசி போடும் முன் கையில் தடவுவார்களே, அந்த ஸ்பிரிட் மருந்துக்கடையில் கிடைக்கும். கறைக்கு அடியில் பழைய வெள்ளைத் துணியை மடித்து வை. பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து ஒற்று. தேய்க்காதே, தேய்த்தால் பரவும். வெளி ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும். மை அடித்துணிக்கு இறங்கும். அடித்துணியை இடம் மாற்றி மாற்றி வை.

முடியும்வரை வெந்நீர் கூடாது, இஸ்திரி கூடாது. சூடு பட்டால் நிரந்தரமாக நின்றுவிடும்.

கடையில் விற்கும் மார்க்கர் என்றால் ஒரு தடவை போதும். சலவைக்கூடத்தில் துணிக்கு அடையாளம் போடும் குறி பேனா என்றால் நான்கு தடவை ஆகும். நான்கு தடவை செய்தால் அதுவும் போய்விடும்.

வேறு ஒன்றும் இல்லை.

அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு,

கவுன் கறை போய்விட்டது. ஏழு கவுனையும் முடித்தேன். உன் வழிமுறைக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் அதைச் சொல்லி வாய் மூடவில்லை, அடுத்த பூகம்பம். இவர் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு மார்க்கர் இருக்கும், பார்சலில் முகவரி எழுத. உன் மகளுக்கு அது மூக்கில் வேர்த்துவிட்டது. திங்கட்கிழமை குளிர்சாதனப் பெட்டி. செவ்வாய்க்கிழமை குளியலறை ஓடு. புதன்கிழமை இவர் ஹெல்மெட். நேற்று முன்கதவு, அதையடுத்து கூடத்துச் சுவர், அவள் கை எட்டுகிற உயரம் வரைக்கும். இவர் பேனாவை உறைக்குள் ஒளித்து, உறையைச் சட்டைக்குள் ஒளித்து, சட்டையைக் கதவின் பின்னால் மாட்டினார். அவள் நாற்காலி போட்டு ஏறினாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு திருடியின் உழைப்பைப் பார்க்க எனக்கே மரியாதை வந்துவிட்டது.

"எதுக்குடி இப்படிக் கிறுக்குற?" என்று கேட்டேன்.

"கிறுக்கல சித்தி, வேலை செய்றேன்" என்கிறாள்.

திட்டினால் அழுவதில்லை. முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு நிற்கிறாள். அது யாரிடமிருந்து வந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை.

ஒவ்வொன்றுக்கும் வழி சொல். கதவு மரம், மேலே பாலிஷ் போட்டது.

தங்கை


ஏப்ரல் 1

வாயாடிக்கு,

குளிர்சாதனப் பெட்டிக்கு அதே ஸ்பிரிட். துடைத்த உடனே ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துவிடு. ஓட்டுக்கு ஸ்பிரிட் கூட வேண்டாம். வெள்ளைப் பலகையில் எழுதி அழிக்கும் பேனாவால் கிறுக்கலின் மேலேயே எழுது, காய்வதற்குள் துடை. புதிய மை பழைய மையையும் இழுத்துக்கொண்டு வரும்.

ஹெல்மெட்டுக்கு நகப்பூச்சு நீக்கும் திரவம் போடச் சொல்வார்கள். போடாதே, பிளாஸ்டிக் வெந்த மாதிரி ஆகிவிடும்.

கதவுக்கு ஸ்பிரிட்டும் கூடாது, நகப்பூச்சுத் திரவமும் கூடாது. கறையோடு பாலிஷையும் கரைத்துவிடும். வெள்ளைப் பற்பசை, ஜெல் இல்லாதது. மெல்லிய துணியில் எடுத்து மர ரேகை ஓடும் திசையிலேயே மெதுவாகத் தேய். பத்து நிமிடம் ஆகும், பொறுமை வேண்டும்.

சுவரில் முதலில் நாற்காலிக்குப் பின்னால் ஒரு மூலையில் சோதித்துப் பார். ஸ்பிரிட் பட்டால் சில பெயின்ட் உரியும். நேரே புதுப் பெயின்ட் அடித்தால் மறையாது. இரண்டு மாதத்தில் மை மேலே ஊறி வந்துவிடும். முதலில் கறையை அடைக்கும் பூச்சு ஒன்று உண்டு, அதை அடித்துவிட்டுத்தான் பெயின்ட்.

பேனாவைப் பூட்டி வை.

அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

இவர் என் பேச்சைக் கேட்காமல் நகப்பூச்சுத் திரவத்தைக் கதவில் போட்டார். உள்ளங்கை அகலத்துக்குப் பாலிஷ் போய், கதவு சொறி பிடித்த மாதிரி நிற்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அது இருக்கட்டும்.

உன் போன கடிதத்தை நான்கு முறை படித்தேன். கதவைப் பற்றி இருக்கிறது. மர ரேகையைப் பற்றி இருக்கிறது. சுவரில் மை எத்தனை மாதத்தில் ஊறும் என்று இருக்கிறது. மிளகு என்ற ஒரு சொல் இல்லை. சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, என்னைத் தேடுகிறாளா, ஒரு வரி. நீ ஒரு வரி கேட்டிருந்தால் நான் நான்கு பக்கம் எழுதியிருப்பேன். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது அக்கா. என்னிடம் இல்லாதது உன்னிடம் இருக்கிறது, நீ அதைக் கடிதத்தில் கூடத் தொட மாட்டேன் என்கிறாய். அவள் அப்பா போனபோதும் நீ இப்படித்தான் துணி மடித்துக்கொண்டிருந்தாய், ஆனால் அப்போது இரவில் என்னிடம் அழுதாய்.

சரி, நேரே கேட்கிறேன். இங்கே பள்ளிச் சேர்க்கை தொடங்கிவிட்டது. மே பதினைந்து கடைசி நாள். படிவம் இத்துடன் இருக்கிறது. அதில் ஒரு பகுதி, பிள்ளையின் முழுப் பொறுப்பையும் வேறொருவருக்குப் பெற்றவள் விட்டுக்கொடுக்கும் இடம். அதில் நீ கையெழுத்து போட்டால் அவள் எங்கள் பிள்ளையாகவே சேர்வாள். இவர் என்னைவிட ஆசையாக இருக்கிறார், வெளியே சொல்வதில்லை. நான் உன்னை அவசரப்படுத்தவில்லை. ஆனால் பாதி அம்மாவாக இருக்க என்னால் முடியாது. போடுவதானால் போடு, இல்லாவிட்டால் வந்து கூட்டிப் போ.

தங்கை


ஏப்ரல் 21

வாயாடிக்கு,

படிவம் வந்தது. படித்தேன். கையெழுத்து போடுகிறேன். ஒரு பக்கத்தில் சாட்சி கேட்டிருக்கிறார்கள், இங்கே துணி மடிக்கும் மேசையில் வேலை செய்யும் அம்மாவைக் கேட்டிருக்கிறேன். அவளுக்கு வியாழக்கிழமைதான் நேரம்.

மிளகைப் பற்றி ஏன் கேட்கவில்லை என்கிறாய். கேட்க வேண்டும் என்று தெரிகிறது. உட்கார்ந்து யோசித்தால் என்ன கேட்பது என்று வரவில்லை. உள்ளே தொட்டுப் பார்க்கிறேன், மரத்துப் போயிருக்கிறது. பல் பிடுங்கும் முன் ஊசி போட்டால் கன்னத்தைக் கிள்ளினாலும் தெரியாதே, அந்த மாதிரி. வேலைக்குப் போகிறேன், வருகிறேன். நேற்று அறுநூறு படுக்கை விரிப்பு. ஒன்றும் தவறவில்லை.

அவள் உன்னைச் சித்தி என்று கூப்பிடுவதை மாற்ற வேண்டும் என்றால் மாற்றிக்கொள். சின்னப் பிள்ளை, பழகிவிடும்.

அக்கா


ஏப்ரல் 28

அக்கா,

உன் கடிதம் வந்த அன்று நான் இரண்டு பாத்திரத்தை உடைத்தேன், வேண்டும் என்றே. "என்னடி ஆச்சு?" என்று இவர் கேட்டார். "உங்க மதினி ரொம்ப நல்லவங்க, கேட்டதெல்லாம் குடுக்குறாங்க" என்றேன். அவர் விளக்குமாறு எடுத்துவந்து கூட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுத வேண்டும். சனிக்கிழமை பீரோவை நகர்த்தினேன். பின்பக்கம் முழுக்க மார்க்கர். கட்டிலைக் கவிழ்த்தேன், அடியில் மார்க்கர். நாற்காலிகளின் அடியில், வாளியின் அடியில், என் செருப்பின் அடியில். அப்போதுதான் கண்ணில் பட்டது. எல்லாம் ஒரே கிறுக்கல். மூன்று கோடு, கீழே ஒரு புள்ளி. முதல் இரண்டு கோடு நிற்கும், மூன்றாவது எப்போதும் வலது பக்கம் சாய்ந்து விழும். புள்ளி ஈ செத்த மாதிரி பெரிதாக இருக்கும். கதவில் இருந்ததும் அதுதான், ஹெல்மெட்டில் இருந்ததும் அதுதான். நான் அழித்த அவசரத்தில் படிக்கவில்லை.

மடியில் உட்கார வைத்துக் கேட்டேன்.

"இது என்னடா கண்ணு?"

"அம்மா குறி."

"எதுக்குப் போட்ட?"

"குறி இருந்தா வண்டில ஏத்தி அம்மா மேசைக்குக் கொண்டு வந்துடுவாங்க. அம்மா சொன்னாங்க. என் கவுன்ல இருந்துச்சு, காணாமப் போச்சு. அதான் நானே போட்டேன்."

"பீரோவுக்கு எதுக்கு?"

"பீரோவும் வரட்டும். கட்டில், சித்தப்பா தொப்பி, எல்லாம் வரட்டும். நீயும் வா."

அக்கா, கவுனில் மிளகு கிறுக்கவில்லை. நான் பொய் எழுதினேன். அது நீ போட்டு அனுப்பிய குறி. ஏழு காலரிலும் உன் கையால் மூன்று கோடு, ஒரு புள்ளி. பெட்டியைத் திறந்த அன்றே எனக்கு ஆகவில்லை. விடுதிப் பிள்ளைத் துணி மாதிரி இருக்கிறது என்று இவரிடம் சொன்னேன். உண்மை அது இல்லை. என் வீட்டுக் கொடியில் உன் குறி காய்வதைப் பார்க்க முடியவில்லை. உன்னிடமே வழி கேட்டு, உன் வாயாலேயே சொல்ல வைத்து, உன் குறியை அழித்தேன். அதனால்தான் இந்தப் பிள்ளை வீடு முழுக்க எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. நான் ஒரு பக்கம் ஸ்பிரிட்டோடு, அவள் ஒரு பக்கம் மார்க்கரோடு, ஒரு மாதத்துக்கு மேல்.

என்னைத் திட்டி எழுது. அதையாவது செய்.

தங்கை


மே 3

வாயாடிக்கு,

திட்ட ஒன்றும் இல்லை. எனக்கு முதல் கடிதத்திலேயே தெரியும். காலரின் உட்பக்கம், சின்னதாக என்று எழுதியிருந்தாய். எந்தப் பிள்ளையும் காலருக்கு உள்ளே தேடிப் போய்க் கிறுக்காது. ஏழு கவுனிலும் ஒரே இடத்தில் கிறுக்காது. அதனால்தான் சலவைக்கூடப் பேனாவுக்கு நான்கு தடவை என்று சேர்த்து எழுதினேன். ஒரு தடவையில் போகவில்லையே என்று நீ பாதியில் விட்டுவிடக் கூடாது.

அந்தக் குறி எங்கள் கூடத்தின் சொந்தத் துணிக்குப் போடுவது. ஏப்ரன், துடைக்கும் துணி, அந்த மாதிரி. எந்த வார்டுக்குக் கலந்து போனாலும் என் மேசைக்குத் திரும்பி வரும். ஒரு துணி வேறு வார்டுக்கே மாற்றலானால் பழைய குறியை எடுத்துவிட வேண்டும், அதுதான் முறை. இல்லாவிட்டால் தினமும் தவறாகத் திரும்பி வந்துகொண்டே இருக்கும். நீ முறையாகச் செய்தாய்.

நானும் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். பிள்ளையைக் கூட்டி வராதே என்று மேற்பார்வையாளர் சொல்லவில்லை. நடந்தது அவருக்குத் தெரியவே தெரியாது.

ஜனவரி கடைசி. மிளகு வழக்கம் போல மடிக்கும் மேசைக்கு அடியில் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் அழுக்குத் துணி வண்டியிலிருந்து அள்ளி இயந்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். பெரிய இயந்திரம், வாய் என் இடுப்பு உயரம், தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வரும். நான்காவது அள்ளல் கனமாக இருந்தது. ஈரத்துணி என்று நினைத்தேன். வாய் வரை கொண்டு போய்விட்டேன். பாதி உள்ளே போய்விட்டது. விரிப்பு மடிப்பில் ஒரு பாதம் தெரிந்தது. வண்டிக்குள் ஏறித் தூங்கிப் போயிருக்கிறாள். தூக்கம் கலையாமல் வெளியே எடுத்தேன். மேசைக்கு அடியில் படுக்க வைத்தேன். பிறகு மீதித் துணியைப் போட்டு, கதவை மூடி, இயந்திரத்தைப் போட்டேன். கை நடுங்கவில்லை. அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. இன்றைக்கு வரை தோன்றவில்லை.

பாதம் தெரியாமல் இருந்திருந்தால் என்பதுதான் கணக்கு. நான் பார்த்தது பாதத்தை மட்டும்தான். என் கையில் ஒரு பிள்ளையைக் கொடுக்கக் கூடாது.

படிவம் இத்துடன். கையெழுத்து, சாட்சி எல்லாம் சரி. பதினைந்துக்குள் கொடுத்துவிடு.

அக்கா


மே 8

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நீ அழாததற்கும் சேர்த்து. இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

வெளியே வந்தால் மிளகு தரையில் உட்கார்ந்து தன் உள்ளங்காலில் எழுதிக்கொண்டிருந்தாள். இடது பாதம். மூன்று கோடு, மூன்றாவது சாய்ந்து, பெரிய புள்ளி. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கால்ல எதுக்குடா?"

"அம்மா காலைத்தான் பாப்பாங்க."

"எந்தக் காலை?"

"நான் துணிக்குள்ள தொலைஞ்சு போயிட்டேன் சித்தி. ரொம்ப இருட்டு. அம்மா என் காலைப் பாத்துக் கண்டுபுடிச்சுட்டாங்க. தூங்குற மாதிரி இருந்தேன். அம்மா என்னை இறுக்கிப் புடிச்சுக்கிட்டே இருந்தாங்க. விடவே இல்ல."

தூங்கவில்லை அக்கா அவள். விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த கதை இதுதான், இதற்கு மேல் ஒரு வரி இல்லை. நீ கணக்கு என்று எழுதியிருக்கிறாயே, அந்தக் கணக்கு அவளிடம் இல்லை. நான் நான்கு விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

பிறகு என் காலை இழுத்து அதிலும் போட்டாள். கூசியது, பொறுத்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் குறி போட்ட தேதி எட்டு.

இன்னொன்று. படிவத்தை மேசைமேல் வைத்திருந்தேன். அதிலும் மிளகு போட்டுவிட்டாள். சரியாக உன் கையெழுத்தின் மேலேயே, மூன்று கோடு, ஒரு புள்ளி. இந்த நிலையில் பள்ளியில் வாங்க மாட்டார்கள். இத்துடன் அனுப்பியிருக்கிறேன், நீயே பார். காகிதத்தில் விழுந்த மார்க்கருக்கு ஏதாவது வழி இருந்தால் எழுது.

தங்கை


மே 10

வாயாடிக்கு,

காகிதத்துக்கு வழி கிடையாது. நார் முழுக்க இறங்கிவிடும். ஸ்பிரிட் போட்டால் கறை அகலமாகும், காகிதம் கிழியும். வேறு படிவம்தான் வாங்க வேண்டும்.

படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூன்றாவது கோடு சாயவில்லை. மூன்றும் நேராக நிற்கின்றன. புள்ளி சின்னதாக, சரியாக நடுவில் இருக்கிறது. மிளகுக்கு அப்படி வராது என்று நீதான் எழுதினாய். உனக்குச் சின்ன வயதிலிருந்தே பொய் சொல்லத் தெரியாது, எழுதவும் தெரியவில்லை. இந்தப் படிவத்தை நீ எவ்வளவு ஆசையாக அனுப்பினாய் என்று எனக்குத் தெரியும். உன் வீட்டுக்காரரிடம் என்ன சொன்னாய் என்று கேட்க மாட்டேன்.

இன்று உன் கடிதத்தைப் படித்த பிறகு ஒரு வண்டித் துணியை அள்ள முடியவில்லை. கை நடுங்கியது. ஒவ்வொரு விரிப்பாக உதறிப் போட்டேன். மடிக்கும் மேசை அம்மா வந்து, "என்ன ஆச்சும்மா உனக்கு?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். நாற்காலி கொடுத்தாள். மேற்பார்வையாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஐந்து நாள் விடுப்பு கொடுத்தார். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. நீயும் நானும் உட்கார்ந்து பேச வேண்டும். அவள் பீரோவோடும் கட்டிலோடும் உன்னோடும் சேர்த்துத்தான் குறி போட்டிருக்கிறாள், அதையும் யோசிக்க வேண்டும்.

மிளகு சாப்பிடுகிறாளா. நடுவில் படுத்து இப்போதும் உதைக்கிறாளா. என்னைத் தேடுகிறாளா. நான்கு பக்கம் எழுத வேண்டாம், நேரில் சொல்.

தோலில் பட்ட மார்க்கருக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. தோல் உதிரும்போது தானாகப் போய்விடும். ஆறு நாள், உள்ளங்காலில் நடந்தால் அதற்கும் முன்னால். எட்டாம் தேதி போட்டிருக்கிறாள். இந்தக் கடிதம் பன்னிரண்டு வரும். நான் பதின்மூன்று காலை முதல் வண்டியில் வருகிறேன்.

அதுவரை அவளைச் செருப்பு போட்டு நடக்கச் சொல். குளிப்பாட்டும்போது உள்ளங்காலில் சோப்பு போடாதே. உன் காலிலும் போடாதே. நான் பார்க்க வேண்டும்.

அக்கா